தடியைப் பிடித்த கை

கள்ளுக்கடை மறியலுக்கு வந்த நெசவாளியைப் போலீஸ்காரன் தடியால் அடித்துச் சாய்த்தான். விழுந்த பின்னும் அடி ஓயவில்லை. சந்தைக் கூட்டம் ஒதுங்கி நின்று பார்த்தது.

வெண்ணந்தூரிலிருந்து வந்திருந்த பெரியநாயகி முன்னே பாய்ந்தாள்.

"போகாதீங்க ஆத்தா!" வக்கீல் குமாஸ்தா காளியண்ணன் மறித்தான். "போலீசைத் தொட்டா ஜெயிலுங்க. வேடிக்கை பாக்கறவங்க தடுக்கச் சட்டத்துல இடமில்லீங்க."

"பெத்தவளுக்குமா இடமில்லை?"

கூட்டம் பரிதாபத்தோடு வழிவிட்டது. அவள் தடியைப் பறித்தாள்.

இன்ஸ்பெக்டர் உறுமினார். "கீழே கிடப்பவன் உன் மகனா?"

"அவன் யாரு பெத்த புள்ளையோ, தெரியாதுங்க. அடிச்சவன்தானுங்க நான் பெத்தது."

இன்ஸ்பெக்டர் போலீஸ்காரன் பக்கம் மெல்லத் திரும்பினார். "அப்படியா? உன் தாய்க்கு நீயே விலங்கு மாட்டு."

அவன் விலங்கை எடுத்துக்கொண்டு அவள் முன்னே வந்தான்.

பெரியநாயகி தடியோடு இரு கைகளையும் நீட்டினாள். "மாட்டு சாமி. தடியை மட்டும் திருப்பிக் கேக்காதே."