நாலு மணிக்குக் கரண்ட் போகும்

"என்னாம்மா சொர்ணா, இங்கிலீஷ்லயே பேசிட்டியா?"

தெருமுனையில் நின்றிருந்த பன்னீர்செல்வம் கேட்டதும் ஸ்வர்ணலதா நடையை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர். எட்டு விசைத்தறி வைத்திருப்பவர்.

"பேசிட்டேன் மாமா."

"பத்து நிமிஷமும்?"

"பத்து நிமிஷமும்."

"எங்கியும் திக்கலியே?"

"இல்ல மாமா. எல்லாரும் கை தட்டுனாங்க."

அன்று முழுவதும் அவள் தடுமாறாமல் பேசியது இந்தப் பொய்யை மட்டும்தான்.

"அப்டிப் போடு! நம்ம தெரு மானத்தக் காப்பாத்திட்ட" என்று சிரித்துக்கொண்டே அவர் ஸ்வீட் கடைப் பக்கம் நடந்தார். வெட்கம் பிடுங்கித் தின்ன, அவள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

சென்னைக் கம்பெனி ஒன்று வேலைக்கு ஆள் எடுக்க அவள் கல்லூரிக்கு வந்திருந்தது. கடைசிச் சுற்றில் கம்ப்யூட்டரில் ஸ்லைடு போட்டுக் காட்டி, பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். நெட் சென்டரில் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் பக்கவாட்டிலிருந்து பறந்து வருகிற மாதிரி பன்னிரண்டு ஸ்லைடு தயார் செய்திருந்தாள். திரையைப் பார்த்துப் படிக்கக் கூடாது, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், குரல் நிதானமாக இருக்க வேண்டும். எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அதிர்ஷ்டமும் கூட நின்றது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத 2008-ஆம் வருஷம் அது. ஆனால் பத்து நாளாக, மாலை நாலு மணி ஆனால் மாடியில் மின்விசிறி நிற்கும். தெரு முழுக்கத் தடதடத்துக்கொண்டிருக்கும் தறிகள் அடங்கிவிடும். முனையில் சைக்கிள் மணி அடித்தால்கூட மாடிக்குக் கேட்கும். ஐந்து மணி வரைக்கும் கண்ணாடி முன்னால் நின்று, மெதுவான குரலில் பேசிப் பழகினாள்.

இன்று மேடையேறி மூன்று அதிகாரிகளைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. பயத்தில் பழைய தறிவீட்டுக் குரல்தான் வந்தது. அவள் சொன்ன 'குட் மார்னிங்'கில் முன்வரிசை மாணவன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"நாங்க பக்கத்துலதான் இருக்கோம். ஏன் கத்தற?" என்று ஒரு பெண் அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். ஹாலே சிரித்தது.

அதற்குப் பிறகு அவளால் யார் கண்ணையும் பார்க்க முடியவில்லை. திரைப் பக்கம் திரும்பி நின்று முணுமுணுவென்று படித்தாள். நாலாவது ஸ்லைடில் அதுவும் நின்றுபோனது. 'தேங்க் யூ' சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். மதியம் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை.

மாடி அறையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் அப்பா கந்தசாமி வந்தார். கீழே ஓடிய தன் தறியை அப்படியே நிறுத்திவிட்டு வந்திருந்தார். மணி நாலரை. இன்று பார்த்துக் கரண்ட் போகவில்லை. பக்கத்து வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னாம்மா ஆச்சி?"

"வேல கெடைக்கல. போதுமா?"

"சரி, போவட்டும். அடுத்த கம்பெனி வராமலா பூடும்? மெதுவாப் பேசு, கீழ அம்மாவுக்குக் கேக்கும்."

"மெதுவாவா?" அவளுக்குள் இருந்த அவமானமெல்லாம் ஆத்திரமாகப் புரண்டது. "பொறந்ததுலேர்ந்து தறிச் சத்தத்துல கத்திக் கத்திப் பேசிகினு இருந்தா, மெதுவா எங்கேர்ந்துப்பா வரும்? அத்தினி பேர் முன்னால சிரிச்சாங்கப்பா! கூசிப் போச்சி!"

கந்தசாமி கையில் ஒட்டியிருந்த பட்டு இழையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போன அந்த ஒரு மணி நேரம்தான் நான் நிம்மதியாப் படிச்சேன். ஈ.பி. ஆபீஸ்காரனுக்கு இருந்த அக்கறைகூட இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் இல்ல. புள்ள படிக்குதே, ஒரு நாளு, ஒரு மணி நேரம் தறிய நிறுத்தலாம்னு யாருக்காவது தோணிச்சா? உனக்காவது தோணிச்சாப்பா?"

"தப்புதாம்மா" என்றார் கந்தசாமி. அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"மச்சான்!" என்று மாடிப்படியில் சத்தம் கேட்டது. பன்னீர்செல்வம் கையில் மைசூர்பாக்கோடு மேலே வந்துவிட்டார். "சொர்ணா ஜெயிச்சிட்டு வந்துகீறா, நீ இன்னா இங்க வந்து குந்திகினு இருக்க? எடு, ஒரு துண்டு வாயில போடு!"

கந்தசாமி பதறி எழுந்தார். "பன்னீரு, கீழ போயிப் பேசிக்கலாம், வா."

"இருய்யா. சந்தோஷத்தச் சொல்லவும் உடமாட்டியா?" அவர் ஸ்வர்ணலதாவின் கையில் ஒரு துண்டை வைத்து அழுத்தினார். "பத்து நாளா நாலு மணி ஆனா தெருவே தறிய நிறுத்தினது வீண் போவலம்மா. உங்கப்பன் ஒருபடி மேல போயி, கரண்ட் கட்டுன்னு நீ நம்பணும், தெரிஞ்சா சங்கடப்படுவன்னு, உங்க வூட்டு மெயின் சுவிச்சயும் ஆஃப் பண்ணிட்டு வேர்த்துகினே குந்தியிருந்தாரு!"