ஒரு சாண் ரப்பர்

குழாய்க்கு உறையாகச் சுற்றும் மூன்று மாதிரித் துண்டுகளையும் மேசைமேல் பரப்பிவைத்தார் குழாய்க்காரர். தையல்காரம்மா ஒவ்வொன்றாக எடுத்து, துணி வாங்கப் போனவர் மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார்.

போன குளிர்காலத்தில் மலைக் குளிருக்கு இந்த வீட்டுக் குழாய்கள் உறைந்து இரண்டு இடத்தில் வெடித்திருந்தன. அடைத்துக் கொடுத்தவர் இந்தக் குழாய்க்காரர்தான். இந்த வருஷம் குளிர் தொடங்குமுன்பே உறை போட்டுவிட வேண்டும் என்று தையல்காரம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

சாம்பல் நிற ஃபோம் அரை அங்குலக் கனம். இந்த வீட்டுக்கு அதுவே தாராளம். கண்ணாடிப் பஞ்சு கையை அரிக்கும், வேண்டாம். கறுப்பு ரப்பர் ஒரு அங்குலக் கனம். வெட்டவெளியில் போகிற குழாய்க்குத்தான் அது.

குழாய்க்காரர் எதையும் ஒளிக்காமல் சொன்னார். இருபது வருஷத் தொழிலில் தேவையில்லாததை யார் தலையிலும் கட்டியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"சத்தம் எதுலண்ணே நல்லா அடங்கும்?"

தண்ணீர் ஓடும்போது குழாய் உறுமுவதைச் சொல்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

"ரப்பர்லதான்மா. உள்ள ரயிலே ஓடினாலும் வெளிய கேக்காது."

அம்மா சிரிக்கவில்லை. "அப்ப அதையே போடுங்க. பின்னறையில ஆரம்பிங்க."

"பின்னறைக்கு எதுக்கும்மா? சமையலறையை ஒட்டின சுவரு. அங்க உறையவே உறையாது."

"பரவால்ல, சுத்துங்க."

சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். மேலே தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.

பின்னறைக் கட்டிலில் அந்தம்மாவின் கணவர் படுத்திருந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கமும் பேச்சும் போய் ஒன்றரை வருஷம். அசைகிற கையில் ஒரு எவர்சில்வர் கரண்டி.

கட்டிலை ஒட்டித்தான் குழாய் மாடிக்கு ஏறியது. கை எட்டும் உயரத்தில் மட்டும் பெயின்ட் உதிர்ந்து செம்பு பளபளத்தது. அந்த இடம் முழுக்கப் பொடிப் பொடியாகப் பள்ளங்கள்.

குழாய்க்காரர் கரண்டியையும் பள்ளங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேலிருந்து ரப்பரைச் சுற்றிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் ஒரு சாண் விட்டுவிட்டுக் கீழே தொடர்ந்தார். கேட்டால் துண்டு போதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கட்டிலில் கிடந்தவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் விலகியதும் கரண்டியைத் தூக்கி, விட்டுவைத்த இடத்தில் மூன்று முறை தட்டினார்.

மெஷின் நின்றது. படிகளில் செருப்புச் சத்தம்.

அம்மா வந்தார். கணவருக்குத் தண்ணீர் புகட்டினார், வாயைத் துடைத்தார், தலையணையைத் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகுதான் குழாயைப் பார்த்தார்.

"ஒரு சாண் குறையுதேண்ணே."

ரெடியாக வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. "அவசரத்துக்கு அவர் கூப்பிடணுமேம்மா. பேச்சு வராத மனுஷன்."

"மணிக்கொரு தரம் நானே வந்து பாத்துக்கறேன். இன்னிவரைக்கும் ஒரு வேளை மருந்து தவறினதில்ல."

ஈரத் துணியை நாலாக மடித்தபடி, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல மேலும் சொன்னார்:

"பேச்சு இருந்த காலத்துலயும் இவர் என்னை வாயால கூப்பிட்டதில்லண்ணே. அப்பவும் தட்டுறதுதான். அப்ப தட்டினது குழாயை இல்ல, அவ்வளவுதான்."

கட்டிலில் கிடந்தவர் கண்களை மூடிக்கொண்டார்.

குழாய்க்காரர் மிச்சமிருந்த ரப்பரில் ஒரு சாண் அளந்தார். இடைவெளி தெரியக் கூடாது என்று, கொஞ்சம் கூடுதலாகவே வெட்டினார்.