சாவோ பாவ்லோக்காரர்

மனித நாகரிகம் நெருப்பிலோ சக்கரத்திலோ பிறக்கவில்லை, இரண்டு திரவங்களை முதன்முதலில் கலந்தவனின் கையில்தான் பிறந்தது என்று ஷர்பெல் முழங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய கால்சட்டையைத் தாங்கிய தோள்வார் பட்டென்று கழன்று மல்பெரிச் சாற்றுக் கிண்ணத்தில் விழுந்தது. எடுத்துப் பிழிந்து மாட்டிக்கொண்டு, நாகரிகத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அப்போதுதான் சிவப்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு நஸ்ரி உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டியவர். பெட்டியின் கைப்பிடியில் விமான நிலையத்துச் சீட்டு தொங்கியது.

"மன்னிக்கணும் மேஸ்ட்ரோ. ஊருக்குத் திரும்ப நடுராத்திரிதான் ஃப்ளைட். சாவோ பாவ்லோ."

"கடல் கடந்து போன நம்ம ரத்தம். வாங்க, வாங்க" என்றார் ஷர்பெல், எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தபடி. பாடம் நடத்தும்போது அவர் பார்ப்பது அதை மட்டும்தான். மாணவர் முகம் எதுவும் அவருக்கு நினைவில் நின்றதில்லை.

பெய்ரூத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளம். வியாழன்தோறும் காக்டெயில் வகுப்பு. 'பயணிகளுக்கு மட்டும்' என்று வாசலில் பலகை உண்டு. உள்ளூர்க்காரர்களைச் சேர்த்தால் கற்றுக்கொள்வதை விட்டுவிட்டுக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடக் கிளம்புவது வழக்கம். தன்னையும் யாராவது கூப்பிட வேண்டும். நஸ்ரிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"ஒத்த ஆளுக்குக் கலக்கறது பாவம்" என்றார் ஷர்பெல். "ஜோடி சேருங்க. நீங்க அவருக்கு, அவர் உங்களுக்கு."

துனிஸிலிருந்து மூன்று தோழிகளோடு வந்திருந்த பல் மருத்துவர் சிஹாம், நஸ்ரியின் பக்கத்தில் வந்து நின்றாள். மேசையில் அரக்கு என்ற உள்ளூர்ச் சோம்புச் சாராயம் இருந்தது. அவள் முதலில் ஐஸை அள்ள, நஸ்ரியின் கை தானாக நீண்டு தடுத்தது.

"அரக்கு, அப்புறம் தண்ணி, கடைசியா ஐஸ். மாத்திப் போட்டா மேல ஏடு கட்டிடும்மா."

"பிரேசில்ல இதெல்லாம் தெரியுமா?"

"அப்பா சொல்லுவார்" என்றார் நஸ்ரி அவசரமாக. "நான் பேசற அரபிகூட அவர் சொல்லிக்கொடுத்ததுதான்."

"பேச்சு அப்படியே இந்த ஊர் டாக்ஸிக்காரர் மாதிரி இருக்கு."

"ரொம்பக் கண்டிப்பான அப்பா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவர் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

அரக்கை அளந்து ஊற்றும் நேரத்தில் கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத கூடம், கும்மிருட்டு. துனிஸ்காரிகள் கத்தினார்கள். ஒரு கண்ணாடிக் குவளை உடைந்தது. நாகரிகத்தின் காவலர் மேசையில் முட்டி மோதிக்கொண்டு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார்.

எங்கோ ஜெனரேட்டர் இருமி உயிர்பெற்று விளக்கு வந்தபோது, எல்லோரும் நின்ற இடத்திலேயே உறைந்திருந்தார்கள். நஸ்ரி மட்டும் இரண்டாவது குவளையையும் ஊற்றி முடித்துவிட்டு எலுமிச்சையை நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"உங்களுக்குப் பயமாவே இல்லையா?" என்றாள் சிஹாம்.

"எதுக்கு?" என்றவர், சட்டென்று நெஞ்சில் கை வைத்தார். "ஆமாமா. உயிரே போயிடுச்சு."

மல்பெரிச் சாறு, கசக்கிய புதினா, கடைசியாக ஐஸ். 'கிழக்கின் விடியல்' என்று பெயர் சூட்டினார் ஷர்பெல். குடித்துப் பார்த்தால் இருமல் மருந்து. ஆனால் சிஹாம் தன் குவளையை நஸ்ரியின் குவளையோடு முட்டினாள். கண்ணாடியும் கண்ணாடியும் இடித்த அந்தச் சின்னச் சத்தம் அடங்கும்வரை அவர் வாயில் வைக்கவில்லை.

"ஊர்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"பையன் மொன்றியால்ல. பொண்ணு துபாய்ல."

"நான் கேட்டது உங்க ஊர்ல."

நஸ்ரி புதினாக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்தது. தோழிகள் பைகளை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போவது என்று விவாதிக்க ஆரம்பித்தார்கள். நஸ்ரி பெட்டியின் பிடியை மெதுவாக நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார்.

"ஃப்ளைட் நடுராத்திரிதானே?" என்றாள் சிஹாம். "தனியா எங்க போகப்போறீங்க? எங்களோட சாப்பிட வாங்க. இந்த ஊரு எங்களுக்கும் புதுசு, உங்களுக்கும் புதுசு. சேர்ந்தே வழி தவறுவோம்."

"உங்களுக்குத் தொந்தரவு..."

"பிகு பண்ணாதீங்க, வாங்க."

நஸ்ரி வந்தார். சிவப்புப் பெட்டியும் கடகடவென்று பின்னால் வந்தது. கூடத்தைத் தாண்டிக் கட்டடத்தின் முகப்புக்கு வந்து, தெருவுக்கு இறங்கும் மூன்று படிகளை எல்லோரும் நெருங்கினார்கள். நஸ்ரி வேகமாக நடந்தார்.

லிஃப்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளி அபு ஜாசிம், அவர்களைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்தார்.

"நஸ்ரி ஐயா, இன்னைக்காவது கூப்பிட்டாங்களே" என்றார். "நல்லபடியா சாப்பிட்டுட்டு வாங்க. லிஃப்ட் ஓடலை. பெட்டியைக் குடுங்க, நாலாவது மாடியில உங்க வீட்டு வாசல்ல வெச்சிடறேன்."

சிஹாம் நஸ்ரியைப் பார்த்தாள். நஸ்ரி பெட்டியில் தொங்கிய சீட்டைப் பார்த்தார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று அவள் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள்.

"நாலு மாடி தனியாத் தூக்காதீங்க. கனமா இருக்கும்."

அபு ஜாசிம் இரண்டு விரலால் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"வியாழக்கிழமைன்னா காலியாத்தான்மா இருக்கும்."