காயும் வரை

ரெஜினாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, கைகளால்தான் பேசுவாள். கோபம் வந்தால் அந்தக் கைகளின் வேகத்துக்கு அவள் கணவன் அமலதாஸால் ஈடுகொடுக்க முடியாது. மறுநாள் அவள் தங்கைக்குக் கல்யாணம். அதற்காக ரெஜினா, போனில் பார்த்த மாதிரியே தன் பத்து நகங்களிலும் தர்ப்பூசணித் துண்டு வரையச் சொல்லியிருந்தாள். வெல்டிங் வேலை பார்க்கிற அமலதாஸ், மூச்சை அடக்கிக்கொண்டு சிவப்பைப் பூசி, பச்சையில் ஓரம் இழுத்து, குண்டூசி முனையால் கறுப்பு விதைகளை வைத்தான். முடித்ததும் அவள் விரல்களை விரித்து மேசைமேல் வைத்துவிட்டு, நேற்றிலிருந்து சொல்லத் தயங்கியதைக் கைகளாலேயே சொன்னான்.

"மஸ்கட் வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்."

போகச் சொல்லி வற்புறுத்தியவளே அவள்தான். பெட்டிகூட வாங்கி வைத்திருந்தாள். அவள் விரல்கள் மேசையில் துடித்தன.

"அசைக்காத, காயட்டும். நான் சொல்லி முடிச்சிருதேன். நேத்து மாடியிலேர்ந்து உன்கிட்ட வீடியோவுல பேசிப் பாத்தேம்லா? நீ வேகமாப் பேசும்போது உன் கை படத்தவிட்டு வெளிய போயிருது. பாதிப் பேச்சு தெரியல. ரெண்டு வருசம் அப்பிடி இருக்க என்னால ஆகாது."

ரெஜினா நகங்களைப் பார்த்தாள். ஈரம் இன்னும் மினுங்கியது. பிறகு இரண்டு கைகளையும் தூக்கிப் பேசத் தொடங்கினாள். விரலோடு விரல் உரசி, சிவப்பும் பச்சையும் கறுப்பும் ஒன்றாகக் குழைந்தன. அவள் நிறுத்தவில்லை. அமலதாஸ் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.