நாலு கண் சல்லடை

மின்மயானத்தில் சாம்பலைச் சலிக்கப்போன ஊழியர் சரசக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார் நல்லசிவம். எவர்சில்வர் கம்பியில் வலை நெய்யும் கம்பெனியில் இருபது வருடமாகத் தறி ஓட்டுகிறவர். சல்லடையைப் பார்த்ததுமே அதன் கண்களை எண்ணிவிட்டார். அங்குலத்துக்கு நாலு. பெரியவர்களின் எலும்பு அதில் தங்கும். அவருடைய மகள் யாழினிக்கு ஐந்து வயது.

"விழுந்துருமுங்க அக்கா. விரலெல்லாம் கீழ விழுந்துரும்."

"எல்லாத்துக்கும் இதுதானுங்க தம்பி."

"அரை மணி நேரம் இருங்க. சாம்பலைத் தொட்டுராதீங்க."

பால் செம்போடு நின்ற மைத்துனரிடம்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், கம்பெனியிலிருந்து பத்துக் கண் வலையில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு திரும்பி வந்தார். சரசக்கா கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து குறடை எடுத்து, வெட்டிய ஓரத்தில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடிக்கத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் மீட்டர் வலை அவர் கையால் போயிருக்கிறது. ஒரு ஓரத்தையும் அவர் மடித்ததில்லை. வாங்குகிறவர்கள் மடித்துக்கொள்வார்கள்.

விரல்களில் ரத்தம் துளிர்த்தது.

"நேரமாகுதுங்க தம்பி. சலிக்கத்தானுங்களே, ஓரம் எதுக்கு?"

"குத்துச்சுன்னா அழுவா," என்றார் நல்லசிவம்.

இன்னும் மூன்று பக்கம் இருந்தது. சரசக்கா அவருக்கு எதிரே உட்கார்ந்து, வலை ஆடாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.