யாரால் நொண்டுகிறது?

“கதவை நீ அறைஞ்சு சாத்தினதுலதான் அதுக்குக் கால் நசுங்கிச்சு. எத்தனை தடவ சொல்றது?”

“நான் சாத்தவே இல்ல. மாடிப்படியில பந்தை உருட்டி அதை ஓடவிட்டது நீங்க.”

மூன்று வாரமாகக் கணவன் மனைவிக்குள் இதே பாட்டு. வக்கீல் வைத்து வாதாடாத குறைதான். கால்நடை மருத்துவமனை பெஞ்சுக்கு அடியில் நாய் காலை நக்கிக்கொண்டிருந்தது.

எக்ஸ்ரே படங்களோடு மருத்துவர் வந்தார்.

“கால் நொண்டுதுன்னு கூட்டிட்டு வந்தா நெஞ்சை ஏன் டாக்டர் படம் எடுத்தீங்க?” கணவன் சலித்துக்கொண்டான்.

“நாலு காலும் வீங்கியிருக்கு. அடிபட்டா நாலும் ஒண்ணா வீங்காது. அதான் சந்தேகம் வந்துச்சு.” மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். “நுரையீரல்ல புற்றுநோய். நெஞ்சுல இப்படிக் கட்டி வந்தா, சில நாய்ங்களுக்குக் கால் எலும்பு தடிச்சு நொண்ட ஆரம்பிக்கும். உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல.”

மனைவி நாயைப் பார்த்தாள்.

“இல்ல டாக்டர், நான்தான் கதவைச் சாத்தினேன். வேகமாத்தான் சாத்தினேன். அடிதான் பட்டிருக்கும், நல்லாப் பாருங்க.”

கணவன் அவசரமாகக் குறுக்கிட்டான்.

“அவ சாத்தல டாக்டர். படியில ஓடவிட்டது நான்தான்.”