உள்ளங்கையில் முப்பத்து மூணு

“இதுவும் வேண்டாம்.”

மாமனார் வண்டியிலிருந்து இறங்கி, டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஷோரூம் பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “சார், முக்கால் டன் தாங்கும். பின்னாடி தொட்டி மூணு பக்கமும் திறக்கும். நீங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலையே!”

“முன்னாடி பார்த்ததே போதும் தம்பி.”

மருமகள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இதோடு மூன்று பிக்கப். மூன்றுக்கும் ஒரே பதில்.

அவள் சோபா மெத்தை தைப்பவள். ஒரு பெரிய விடுதியில் நாற்பது மெத்தைக்கு ஆர்டர் கிடைத்திருந்தது. முதல் தவணையை ஏற்றிப்போன வாடகை வண்டிக்காரன் தார்ப்பாய் கட்டாமல் மழையில் போனதில், பன்னிரண்டு மெத்தையும் பிழிந்து காயப்போடும் நிலைக்கு வந்துவிட்டன.

“மாசக் கடைசிக்குள்ள சொந்த வண்டியில கொண்டுவாங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்” என்று கறாராகச் சொல்லிவிட்டார் விடுதி மானேஜர்.

மாசம் முடிய இன்னும் நாலே நாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கணவனின் காதைக் கடித்தாள். “உங்கப்பாவுக்கு நான் தொழில் பண்றதே பிடிக்கலைங்க.”

“சேச்சே! தொட்டியில எத்தனை மெத்தை அடங்கும்னு அளக்கத்தானே உன் டேப்பை எடுத்தார்?”

“ஆமா, நான் இல்லாத நேரமாப் பார்த்து என் பொத்தான் டப்பாவைக் கிளறி எடுத்தார். அதுக்கப்புறம் தொட்டிப் பக்கமே போகலையே! டிரைவர் சீட்டுல ஏறி உட்கார்றார், குனியறார், அளக்கறார், வேண்டாங்கறார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு டிரைவர் சீட்டுல என்ன வேலை?”

“அதை விடு. உள்ளங்கையில பேனாவால முப்பத்து மூணுன்னு எழுதி வெச்சிருக்காரே, பார்த்தியா? குளிச்சு அழிஞ்சா மறுபடியும் எழுதிக்கறார்.”

“மொத்தம் எத்தனை வண்டியை வேண்டாம்னு சொல்லணும்னு கணக்கா இருக்கும்!”

கணவன் வாய்விட்டுச் சிரித்தான். முன் சீட்டில் மாமனார் திரும்பிப் பார்க்க, இருமுவது போல மழுப்பினான்.

“வண்டி வரட்டும், லீவு நாள்ல நான் ஓட்டறேன். மத்த நாளுக்கு ஒரு டிரைவரைப் பிடிப்போம். உன்னை நம்பியா வாங்க முடியும், பொடி? உனக்கு சைக்கிள்லயே கால் எட்டாது!”

அவள் குழந்தையின் சட்டையில் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, குழந்தையோடு மூவரும் ஒரு பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் வெள்ளை நிறத்தில் குட்டி பிக்கப். பக்கத்தில் அதைவிடக் குட்டியாக பேக்கரிக்காரர்.

மாமனார் வண்டியைப் பார்க்கவில்லை. பேக்கரிக்காரரைத்தான் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். மாமனார் முகத்தில் பளிச்சென்று ஒரு சந்தோஷம்.

“நீங்களேதான் ஓட்டுவீங்களா?”

“மூணு வருஷமா நான் மட்டும்தான் ஐயா. பெரிய வண்டி எடுக்கறதால இதைக் கொடுக்கறேன். உள்ளதைச் சொல்லிடறேன். கம்பெனிக்காரன் சொன்ன மைலேஜ் வராது. லோடோட மேடு ஏறணும்னா செகண்ட் கியருக்கு வந்தாத்தான் இழுக்கும். முன்னாடி ரெண்டு பேருக்கு மேல உட்கார்ந்தா முழங்கால் கியருல இடிக்கும். ஆனா எந்தச் சந்துலயும் ஒரே ஒடிப்புல திரும்பிடும். ஒரு நாள்கூட என்னை நடு ரோட்டுல நிறுத்தினதில்லை.”

“அதெல்லாம் கிடக்கட்டும். கிளட்சுக்குக் கால் எட்டுதா உங்களுக்கு?”

“அப்பா!” கணவன் பல்லைக் கடித்தான்.

பேக்கரிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நல்லா எட்டும் ஐயா! சீட்டு இவ்வளவு முன்னால வருதுன்னுதானே இதை வாங்கினேன்!”

மாமனார் ஏறினார். சீட்டை முன்னே இழுத்தார். குனிந்து அளந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார்.

“இதுதான் நம்ம வண்டி!”

நம்ப முடியாமல் கணவன் சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினான். முழங்கால் ரெண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தன.

“என்னப்பா இது? இதுல நான் எப்படி ஓட்டறது?”

“உனக்கு யாருடா வண்டி பார்த்தது? இறங்கு கீழே.”

அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையையும் எடுத்து, இரண்டையும் மருமகளிடம் நீட்டினார்.

அவளுடைய டிரைவிங் லைசென்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. குழந்தை பிறந்த பிறகு, ரோட்டைப் பார்த்தாலே பயம் என்று ஆகி, ஒருவருக்கும் சொல்லாமல் பொத்தான் டப்பாவின் அடியில் போட்டு மூடி வைத்திருந்தாள்.

“டேப் எடுக்கறப்ப கையில மாட்டிச்சு. கேட்காம எடுத்தது தப்புதாம்மா.”

“மாமா... எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் இல்லையா? பக்கத்துல உட்காரப் போறது நான்தானே! குழந்தையை அவன்கிட்ட கொடுத்துட்டு வா.”

மாமனார் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“உன் ஸ்டூல்லேர்ந்து தையல் மிஷின் பெடல் வரைக்கும் அளந்தேன், முப்பத்து மூணு இஞ்ச். இந்த சீட்டுலேர்ந்து கிளட்சுக்கும் அதே முப்பத்து மூணு. உன் மிஷின்தான்னு நினைச்சு ஏறி உட்காரும்மா!”